குடும்ப ரொட்டிக் கடையும் ஊதியக் கணக்கும்

தமிழ்த்துறையின் சிறப்பு மலரில் வணிகவியல் ஆசிரியன் ஒருவன் எழுதப் புகுவது சற்றே துணிச்சலான செயல்தான். எனினும் இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்தது ஒரு தமிழ்ச் சொல்லே ஆதலின் தமிழ்த்துறை நண்பர்கள் பொறுத்தருள்வார்கள் என நம்புகிறேன். ‘ஊதியம்’ என்பது அச்சொல். திருவள்ளுவர் காலத்தில் அது இலாபத்தைக் குறித்தது. ‘தெரிந்துசெயல்வகை’ என்னும் 47ஆம் அதிகாரத்தின் முதற்குறளில் அப்பொருளிலேயே அது ஆளப்பட்டுள்ளது. இன்று நாம் மாதச் சம்பளத்தை ஊதியம் என வழங்குகிறோம். இலாபம் எனப் பொருள்பட்ட சொல் கூலி என்னும் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு இது சுவையான செய்தி. ஆனால், குடும்பமாகக் கூடி நடத்தும் சிறு கடைகளில் இவ்விரு பொருளும் பிரித்தறிய இயலாதவாறு ஒரே கல்லாப் பெட்டியில் கலந்து கிடக்கின்றன. கடையை விரிவுபடுத்தலாமா என்ற கேள்வி எழும்போதுதான் அக்கலப்பு எத்துணை இடர் விளைக்கும் என்பது புலனாகிறது.

சென்ற ஆண்டு இறுதியாண்டு வணிகவியல் மாணவி ஒருவர் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்தார். அவர்தம் தந்தையார் பேரூர் ஒன்றின் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளாக ரொட்டிக் கடை நடத்தி வருபவர். “ஐயா, பேருந்து நிலையத்தில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. எடுக்கலாமா வேண்டாமா என்று அத்தா என்னைக் கேட்கிறார்கள். சவூதியில் இருக்கும் அண்ணன் ஆறு இலட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ‘கணக்குத்தானே படிக்கிறாய், பார்த்துச் சொல்’ என்கிறார்கள். எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை” என்றார்.

மூன்று ஆண்டுகள் இலாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும் எழுதிப் பழகியவர் அவர். தம் வீட்டுக் கடையின் கணக்கை எழுதத் தெரியாமல் நின்றது அவர் குற்றமன்று. நம் பாடநூல்களில் வரும் நிறுவனங்களில் உரிமையாளர் வேறு, உழைப்பவர் வேறு, பொருள் தருபவர் வேறு. குடும்பக் கடையில் மூவரும் ஒரே பாயில் அமர்ந்து உண்கிறார்கள்.

முதலில் அடுப்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கணக்குப் பார்ப்போர் பலரும் அடுப்பைப் பார்ப்பதில்லை. அக்கடையில் இருப்பது செங்கல்லால் கட்டிய பழைய விறகடுப்பு. உள்ளே விறகை எரித்துத் தணலை ஒதுக்கிய பின், செங்கல் ஏற்றிருக்கும் சூட்டிலேயே ரொட்டி வேகும். அச்சூடு ஒரே சீராக நிற்பதன்று. மெல்ல மெல்லத் தணியும். ஆகவே, மிகுந்த சூட்டில் ரொட்டி, அது தணிந்தபின் பன், பிறகு கேக்கும் பிஸ்கட்டும், எஞ்சிய இளஞ்சூட்டில் ரஸ்க் என்று ஒழுங்கு அமைந்திருக்கிறது. முதல்நாள் விற்காத ரொட்டியும் வில்லைகளாக அறுக்கப்பட்டு, அடுப்பில் காய்ந்து, ரஸ்க்காகி விலை பெற்றுவிடும். விறகும் வீணாகாது, ரொட்டியும் வீணாகாது. சிறு கடை தாக்குப்பிடித்து நிற்பதன் மறைபொருள் பெரிதும் இதில்தான் இருக்கிறது. (இலங்கைத் தமிழர் இவ்வடுப்பைப் ‘போறணை’ என்றும் ரொட்டியைப் ‘பாண்’ என்றும் வழங்குவர். இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள். நம் பக்கத்தில் ஏனோ அவை நிலைபெறவில்லை.)

ஐம்பது கிலோ மைதா மூட்டை ஒன்றைப் பிசைந்து சுட்டால் ஏறத்தாழ எழுபது கிலோ ரொட்டி கிடைக்கும். அதாவது 400 கிராம் எடையுள்ள ரொட்டி 175. இதனை ஒரு பேருந்து நிலையக் கடைக்கு அனுப்பி, முப்பது ரொட்டி விற்காமல் மறுநாள் திரும்பி வருவதாகக் கொள்வோம். பழைய கடையாயின் அம்முப்பதும் அன்றிரவே ரஸ்க்காகிவிடும். புதிய கடையிலோ அவை ஒரு நாள் கழித்து, ஆட்டோவில் குலுங்கித் திரும்பி வரும். அதற்குள் பழைய கடையின் மிச்சமே ரஸ்க் அடுப்பை நிறைத்திருக்கும். மின்சாரத்திலோ டீசலிலோ இயங்கும் சுழலும் அடுப்பு வாங்கினாலும் இச்சிக்கல் தீர்வதில்லை. அதில் வேலை விரைவு, சூடு சீர். ஆனால் ஓய்ந்த பின்னும் இரவெல்லாம் தங்கும் செங்கல் சூடு அதில் இல்லை. ரஸ்க் காய வைக்கத் தனியே எரிபொருள் செலவிட வேண்டும். இது சுழலும் அடுப்பைக் குறை கூறுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. ஒன்றைப் பெரிதாக்கும்போது அதனோடு பிணைந்து இலவசமாகக் கிடைத்துவந்த மற்றொன்று அறுந்துபோகும் என்பதைக் காட்டவே கூறினேன்.

இனி, அம்மாணவியும் நானும் அமர்ந்து எழுதிய கணக்கைக் காண்போம். உண்மைத் தொகைகளை அச்சில் ஏற்றுவது முறையன்று. ஆதலின் அளவு மாறாமல் எண்களை மட்டும் மாற்றித் தருகிறேன்.

கடையின் நாள் விற்பனை 12,000 ரூபாய் எனக் கொள்வோம். மாதத்திற்கு 3,60,000. மைதா, சர்க்கரை, எண்ணெய், முட்டை முதலான சரக்குக்கு 1,90,000. விறகுக்கும் மின்சாரத்திற்கும் 22,000. இரண்டு வேலையாட்களுக்கு 40,000. உறை, பெட்டி, சில்லறைச் செலவு 18,000. ஆகச் செலவு 2,70,000. மீதி 90,000. “மாதம் தொண்ணூறாயிரம் இலாபம், நூற்றுக்கு இருபத்தைந்து” என்று தந்தையார் சொல்லிவந்தது இதனைத்தான். இதே விகிதத்தில், புதிய கடையில் இதில் பாதி விற்றாலே நாற்பத்தைந்தாயிரம் வருமே என்பது அவர் கணிப்பு. பார்வைக்கு நேரான கணிப்பாகவே தோன்றும்.

நான் ஒரு வினா எழுப்பினேன்: “பின்னிரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டுபவர் யார்?” தந்தையார். அவரைப் போன்ற ஒரு பேக்கரி மாஸ்டரை வெளியிலிருந்து அமர்த்தினால் மாதம் 25,000 ரூபாயாவது தர வேண்டும். கல்லாவில் இருப்பவர்? இளைய அண்ணன். அவ்வேலைக்கு 18,000. கடை நடக்கும் கட்டடம் சொந்தம். வாடகைக்கு விட்டால் 20,000 வரும். “வேறு எவரேனும் உண்டா?” என்றேன். மாணவி சற்றே தயங்கி, “அம்மா லுஹர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் அமர்ந்து ரஸ்க்கை எண்ணிப் பொட்டலம் போடுவார்கள். அதெல்லாம் வேலையில் சேருமா, ஐயா?” என்று கேட்டார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், முப்பது ஆண்டுகள். வேலையில் சேராமல் வேறு எதில் சேரும்? 6,000 என்று எழுதினோம். நால்வகைத் தொகையும் கூட்டினால் 69,000. தொண்ணூறாயிரத்திலிருந்து அதைக் கழித்தால் எஞ்சுவது 21,000. நூற்றுக்கு ஆறுகூட முழுதாக இல்லை.

பழைய பொருளிலான ஊதியம் 21,000. புதிய பொருளிலான ஊதியமும் கட்டட வாடகையும் சேர்ந்து 69,000. இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்ததனால் தொண்ணூறும் இலாபமாகக் காட்சி தந்தது.

இதனால் அக்கடை நலிந்த கடை என்று எவரும் கருதிவிடலாகாது. அது ஒரு குடும்பத்திற்குச் சோறிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒரு மகளைப் பட்டப்படிப்பு வரை கொண்டுவந்த கடை. வீட்டார் உழைப்புக்கு வெளியே போகாமல் வீட்டிலேயே கூலி கிடைக்கச் செய்த கடை. ஆனால், அந்த மீதி புதிய கடையில் அப்படியே கிளைத்துவிடாது. தந்தையார் ஒருவரே, இரு கடைகளில் ஒரே நேரத்தில் நிற்க அவரால் இயலாது. சொந்தக் கட்டடம் ஒன்றே. தாயார் பொட்டலம் போடும் மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாவது எவ்வாறு? பழைய கடையில் இலவசமாக வந்தவை யாவும் புதிய கடையில் காசு கொடுத்துப் பெற வேண்டியவை.

அக்கணக்கையும் போட்டோம். பேருந்து நிலையக் கடையின் வாடகை 25,000. விற்பனைக்கு இருவர், 26,000. சரக்குக் கொண்டுசெல்லும் ஆட்டோ 9,000. மின்சாரம் 5,000. அடுப்பில் கூடுதலாக ஓர் ஆள், 20,000. விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு 85,000. நாளொன்றுக்கு 6,000 வீதம் மாதம் 1,80,000 விற்றால், சரக்குக்கு 95,000, உறைக்கு 9,000, விறகுக்கு 6,000 போக நிற்பது 70,000. அதாவது மாதம் 15,000 நட்டம். நட்டமின்றி நிற்பதற்கே நாள் விற்பனை ஏறத்தாழ 7,300 ரூபாயைத் தொட வேண்டும். அண்ணன் தரும் ஆறு இலட்சத்திற்கு ஒரு காசும் ஈடாக வைக்காமல் வந்த தொகை இது. முன்பணம், தட்டுமுட்டுப் பொருள், கண்ணாடி அலமாரி, குளிர்பெட்டி ஆகியவற்றின் தேய்மானமும் இதில் சேரவில்லை.

“நாற்பத்தைந்தாயிரம் இலாபம் என்று அத்தா நினைத்திருக்கிறார்களே” என்று மாணவி தாழ்ந்த குரலில் கூறினார்.

விற்பனை 7,300ஐத் தாண்டாது என்று நான் சொல்லவில்லை. பேருந்து நிலையம் மக்கள் நடமாட்டம் மிகுந்த இடம், ஒன்பதாயிரமும் விற்கலாம். ஆனால் எந்த மாதத்தை வைத்து அளப்பது என்பதில் விழிப்பு வேண்டும். பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு ஆகிய காலங்களின் விற்பனையைக் கண்டு மயங்கி, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களை நான் அறிவேன். நம்மவர் மிகுதியாக வாழும் ஊர்களில் ரமலான் மாதத்தில் பகல் விற்பனை படுத்துவிடும். அஸருக்குப் பின் ஓரிரு மணி நேரத்தில் கூட்டம் நெரியும். அம்மாதத்திற்கு இரண்டு ஆட்கள் வேலை மூன்று மணி நேரத்திற்கு மட்டும் தேவைப்படும். சம்பளமோ முழு நாளுக்கு. ஓராண்டின் பன்னிரண்டு மாதக் குறிப்பு கையில் இல்லாமல் எடுக்கும் முடிவு ஏதேனும் ஒரு மாதத்தின் முடிவாகவே இருக்கும்.

வெளிச்சூழலும் மாறியிருக்கிறது. ரொட்டி செய்தல் நீண்ட காலம் சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்ட இனங்களுள் ஒன்றாயிருந்தது. எஞ்சியிருந்த இருபது இனங்களின் ஒதுக்கீட்டை நடுவண் அரசு 2015 ஏப்ரலில் நீக்கியபோது ரொட்டிக்கு இருந்த அந்த வேலியும் அகன்றது. 2016இல் பொட்டாசியம் புரோமேட் என்னும் மாவுச் சேர்மானம் தடை செய்யப்பட்டது. மாவு நன்கு உப்புவதற்கு அதனையே நம்பியிருந்தவர்கள் தங்கள் பக்குவத்தை மாற்ற நேர்ந்தது. 2017 ஜூலை முதல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் சாதாரண ரொட்டிக்கு வரியில்லை. கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் 18 விழுக்காடு இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இது சிறு கடைக்காரர்க்கு நற்செய்தியே. ஆயினும் ஒரே உரிமையாளர் பெயரிலுள்ள இரு கடைகளின் விற்றுமுதலும், வரியில்லாத ரொட்டியின் விற்பனை உட்பட, ஒன்றாகவே கூட்டப்படும் என்பதை மறத்தலாகாது. இன்னொரு கடைக்கோ தேநீர்க் கடைக்கோ உறையிட்டு அனுப்பத் தொடங்கினால் உறையின்மீது செய்த நாள், சேர்மானம் முதலியவற்றை அச்சிடும் கடமையும் வந்து சேரும்.

விரிவாக்கம் என்றாலே இரண்டாவது கடை என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். பிறர் எவ்வாறு செய்தனர் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் காட்டுவேன். 1880இல் மலபாரின் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் ‘ராயல் பிஸ்கட் ஃபேக்டரி’ என்னும் பெயரில் ஒரு கடை தொடங்கினார். பர்மாவில் தொழில் கற்று வந்தவர் என்பர். அவர் குடும்பத்தினர் பின்னர்க் கேரளத்தின் வெவ்வேறு நகரங்களில் வெவ்வேறு பெயர்களில் பேக்கரிகளை நிறுவினர். ஒரு கடையைப் பெருக்குவதினும், தொழில் கற்ற ஒவ்வொரு கையும் தனக்கென ஓர் அடுப்பை மூட்டிக்கொண்ட முறை அது.

மற்றொன்று பாரிஸ் நகரத்தது. பியேர் புவாலான் என்பவர் 1932இல் செர்ஷ்-மிதித் தெருவில் ஒரு சிறு ரொட்டிக் கடை தொடங்கினார். 1970இல் பொறுப்பேற்ற மகன் லியோனெல், அவ்வூர் ரொட்டியைப் பெருமளவில் செய்ய வேண்டிய நிலை வந்தபோது, பெரிய இயந்திர அடுப்பு ஒன்றை வாங்கவில்லை. 1980களில் பாரிசுக்கு வெளியே பியேவ்ர் என்னுமிடத்தில் வட்ட வடிவில் ஒரு கூடம் எழுப்பி, கடையில் இருந்ததைப் போன்ற விறகடுப்புகள் இருபத்து நான்கினை அமைத்தார். ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு ரொட்டியாளர். மாவு பிசைவது முதல் சுட்டு எடுப்பது வரை அவரே பொறுப்பு. கடையைப் பெரிதாக்காமல் கடையை இருபத்து நான்கு முறை திரும்பச் செய்தார் எனலாம். 2002இல் லியோனெல் விபத்தில் மறைந்தார். பதினெட்டு வயது மகள் அப்பொலோனியா நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அவர் அதனை ஏற்க முடிந்ததற்கு அவரது திறம் ஒரு காரணம். தந்தைக்குப் பின் நிறுவனம் எவருடையது என்பதில் குழப்பமின்றி இருந்ததும் ஒரு காரணமாகும் என்பது என் கருத்து.

இவ்விடத்தில்தான் அந்த ஆறு இலட்சத்திற்கு வருகிறேன். சமுதாயப் பெரியவர்கள் இப்பகுதியைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன்.

அண்ணன் தருவதாகச் சொன்ன தொகை என்ன வகையைச் சார்ந்தது? கடனா, அன்பளிப்பா, கடையில் பங்கா? மாணவிக்குத் தெரியவில்லை. தந்தையாரைக் கேட்டுவரச் சொன்னேன். “மகன் தருகிறான், இதில் என்ன வகை?” என்றாராம். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தால் நம் ஊர்களில் எழுந்த கடைகள் பல. அவற்றுள் எத்தனை கடைகளின் வரலாற்றில் இவ்வினா கேட்கப்பட்டது என்று எனக்கு ஐயமாகவே இருக்கிறது. உடன்பிறந்தார் இருவர் ஒரே ஊரில் இருந்துகொண்டு, பெருநாள் தொழுகையில் முகம் பாராமல் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் தொடக்கம் இத்தகைய ஒரு தொகைதான்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணை குறித்த கடனை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்புக் கூடாது என்றும், சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவ்வசனம் பணிக்கிறது. உடனுக்குடன் கைமாறும் வணிகத்தில் எழுதாமலிருப்பது குற்றமாகாது என்ற விலக்கும் அதிலேயே உள்ளது. கடையில் காசு வாங்கிக்கொண்டு ரொட்டி தருவதற்குச் சீட்டு வேண்டியதில்லை. மகனிடம் ஆறு இலட்சம் வாங்குவதற்கு வேண்டும்.

வட்டியின்றிப் பொருள் திரட்ட நம் மார்க்கம் வழிகாட்டாமல் விடவில்லை. ஒருவர் முதல் இட, மற்றொருவர் உழைக்க, இலாபத்தை முன்னரே பேசிய விகிதத்தில் பகிர்வது முளாரபா. கதீஜா நாயகியார் (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் சிரியா நாட்டுக்கு வணிகம் மேற்கொண்டது இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கூறப்படும். இதில் நட்டம் வந்தால் முதலிட்டவர் பொருளை இழப்பார். உழைத்தவர் உழைப்பை இழப்பார். இருவரும் முதலிடுவது முஷாரகா. இலாபம் பேசியபடி, நட்டம் முதலின் அளவுப்படி. அண்ணன் தரும் பணம் கடன் எனில், கடை நட்டமடைந்தாலும் ஆறு இலட்சமும் திரும்பத் தரப்பட வேண்டும். முளாரபா எனில், நட்டம் அவரையே சாரும். ஒரே தொகை, இருவேறு பொறுப்பு. எழுதாவிட்டால், நட்டம் வரும் நாளில் அண்ணன் அதனைக் கடன் என்பார், தந்தையார் பங்கு என்பார்; இலாபம் வரும் நாளில் இருவர் கூற்றும் இடம் மாறும்.

நாட்டுச் சட்டமும் எழுதாதவர்க்கு இரங்குவதில்லை. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையேல் கூட்டாளிகள் இலாபத்தைச் சமமாகவே பகிர வேண்டும். உழைக்கும் கூட்டாளிக்குத் தனிச் சம்பளம் கிடையாது. கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டாண்மையே கலைந்துவிடும்.

இறப்பைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு உவப்பாக இராது. ஆயினும் அறுபத்திரண்டு வயதில் புதிய கடை எடுப்பவரின் கணக்கில் அது இடம்பெற வேண்டும். முஸ்லிம்களின் சட்டத்தில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்து என்ற கருத்து இல்லை. தந்தையின் கடையில் மகன் பதினைந்து ஆண்டுகள் உழைத்ததனாலேயே கடையில் அவனுக்குப் பங்கு பிறந்துவிடாது. தந்தையார் மறைந்தால் அடக்கச் செலவு, கடன், மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத மரணசாசனம் ஆகியவை போக எஞ்சியதே வாரிசுகளுக்கு. மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் எனும் இக்குடும்பத்தில் சொத்தை நாற்பது பங்காக்கினால் தாயார்க்கு 5, மகன்கள் ஒவ்வொருவர்க்கும் 14, மகளுக்கு 7. கல்லாவில் நின்ற இளைய அண்ணனுக்கும் 14. சவூதியில் இருந்த மூத்த அண்ணனுக்கும் 14. ஆறு இலட்சம் கடன் என எழுதப்பட்டிருந்தால் அது முதலில் மூத்தவர்க்குத் திரும்பிய பிறகே பாகம் பிரியும். எழுதப்படாவிட்டால் அதுவும் நாற்பதில் கரைந்துபோகும். உழைத்த மகனுக்கு மரணசாசனத்தின் வழி கூடுதலாகத் தரலாம் என்றால், மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி அது செல்லாது. அவனுக்குச் செய்ய வேண்டிய நீதியைத் தந்தை தம் வாழ்நாளிலேயே செய்தாக வேண்டும்: சம்பளமாகவோ, முறையாக எழுதிய கூட்டாண்மையாகவோ. நுணுக்கங்களை உலமாப் பெருமக்களிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெளிக.

இவற்றை நான் சொல்லிவந்தபோது, மகளுக்கு ஏழு பங்கு என்ற இடத்தில் அம்மாணவி எழுதுகோலை நிறுத்தினார். “கடையில் எனக்குமா, ஐயா?” என்றார். வீட்டிலும் நிலத்திலும் பெண்மக்களுக்குப் பங்கு உண்டு என அறிந்தவர்கள்கூடக் கடை என்று வந்தால் அது ஆண்மக்களுடையது என்றே நினைக்கிறார்கள். மறை அவ்வாறு பிரித்துக் கூறவில்லை. கடையின் அடுப்பும் அலமாரியும் மைதா மூட்டையும் வரவேண்டிய கடன்பாக்கியும் விட்டுச்சென்ற சொத்தே. அப்படியானால், இன்று புதிய கடைக்காக ஏற்கும் ஒவ்வொரு கடனும் நாளை அந்த ஏழு பங்கிலிருந்தும் தாயாரின் ஐந்து பங்கிலிருந்தும் கழியும். முடிவெடுக்கும்போது அவ்விருவரையும் கேட்பது உபகாரமன்று.

அன்று மாலை அவர் கணக்கேட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தந்தையார் முதலில் சினந்ததாகவும், “என் வீட்டுக்காரிக்கு நான் கூலி தருவதா?” என்று கேட்டதாகவும் பின்னர்ச் சொன்னார். தாயார் அருகிருந்து சிரித்துவிட்டு, “கூலி வேண்டாம், ஆறாயிரம் என்று எழுதியது மட்டும் இருக்கட்டும்” என்றாராம்.

பேருந்து நிலையக் கடையை அவர்கள் எடுக்கவில்லை. நண்பகலில் அடுப்பு வெறுமனே சூட்டோடு கிடப்பதை மாணவி ஒரு வாரம் குறித்து வைத்தார். முற்றும் ஆறாத அடுப்பை மீண்டும் மூட்டக் குறைந்த விறகே போதுமாதலால், பிற்பகலில் ஓர் ஈடு பன் சுட்டு, மாலையில் ஒன்பது தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டே சரக்குக் கொடுப்பது, திரும்பி வருவதை ஏற்பதில்லை என்று இரண்டு விதிகள். அதனால் ஒப்புக்கொண்ட கடைகள் ஒன்பதே. கடனுக்கென்றால் இருபது கிடைத்திருக்கும். மூத்த அண்ணனிடமிருந்து ஆறு இலட்சத்திற்குப் பதிலாக ஒன்றரை இலட்சம் பெற்று, மாவு பிசையும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அத்தொகை கடன் என்றும், இருபது மாதத் தவணை என்றும் தாளில் எழுதி, பள்ளிவாசல் தலைவர் உட்பட இருவர் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கின்றனர். இளைய அண்ணனுக்கு மாதந்தோறும் ஒன்றாம் தேதி சம்பளம். பிற்பகல் ஈட்டுக்கு மட்டும் தனிக் குறிப்பேடு. ஒரு ரமலானும் ஒரு மழைக்காலமும் அதில் பதிவான பிறகு இரண்டாவது கடையைப் பற்றி மீண்டும் பேசுவதாகத் தந்தையார் சொல்லியிருக்கிறார். பேருந்து நிலையத்துக் கடை இப்போது கைப்பேசிக் கடையாகிவிட்டது.